புறவாசல் வேம்பு

கூந்தன்குளத்தில் கல்யாணத்துக்கு வேட்டுப் போட மாட்டார்கள். கோயில் கொடைக்கும் கிடையாது, தீபாவளிக்கும் கிடையாது. மேளம் உண்டு, வில்லுப்பாட்டு உண்டு, சாமியாட்டம் உண்டு. வெடிச் சத்தம் மட்டும் இருக்காது. என் அம்மாவின் கல்யாணம் அந்த ஊரில்தான் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஆசையாக வாங்கி வந்த வெடிக்கட்டுகளைத் தாத்தா கைநீட்டி வாங்கி உள்ளறையில் வைத்துப் பூட்டிவிட்டாராம். "ஊருக்குத் திரும்பிப் போய்ப் போட்டுக்கிடுங்க மாப்பிள்ள. இங்க பிள்ளத்தாச்சிக இருக்காளுவ" என்றாராம். ஏதோ பக்கத்து வீட்டில் பேறுகாலம் என்று அப்பா வீட்டார் நினைத்துக்கொண்டார்கள். மரத்தில் அடைகாத்துக்கொண்டிருந்த நாரைகளைத்தான் தாத்தா சொன்னார் என்பது மறுநாள் விடிந்த பிறகுதான் அவர்களுக்குத் தெரிந்தது.

திருநெல்வேலியிலிருந்து மூலைக்கரைப்பட்டி வழியாகப் போக வேண்டும். நாங்குநேரி வட்டம். பனையும் உடைமரமும் நிற்கும் வறண்ட பூமி. அதன் நடுவே அந்தக் குளம். 1994-ல் அரசு அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. பரப்பு 129 ஹெக்டேர். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் அது சேர்ந்த செய்தி 2022-ல் வந்தது. இந்த விவரங்களெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தவை. எண்பதுகளில் பாளையங்கோட்டையிலிருந்து முழுப்பரீட்சை லீவுக்குப் பஸ் ஏறிய பிள்ளைக்கு அது ஆச்சி ஊர், அவ்வளவுதான்.

பறவைகள் மார்கழி, தை வாக்கில் வந்துவிடும். நாங்கள் போய்ச் சேரும் சித்திரையில் குஞ்சுகள் பாதி வளர்ந்திருக்கும். ஆச்சி வீட்டுப் புறவாசலில் ஒரு பெரிய வேம்பு. அதன் உச்சிக் கிளைகளில் மஞ்சள்மூக்கு நாரைகள் ஒன்றையொன்று இடிக்கிற நெருக்கத்தில் கூடு கட்டியிருந்தன. அடுத்த வீட்டுப் புளியமரத்தில் கூழைக்கடாக்கள். தெருமுனை மரத்தில் வெள்ளை அரிவாள்மூக்கன்கள். கூடு கட்டக் குளத்துக்குள் கருவேல மரங்கள் இருந்தும் அவை ஏன் தெருவுக்குள் வந்தன என்று நான் கேட்டிருக்கிறேன். ஆளிருக்கும் இடத்தில் பருந்தும் காட்டுப்பூனையும் நெருங்காது என்று மாமா சொல்வார். ஆச்சிக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. "வீடுன்னு நெனச்சுத்தான் வருது. வேற எதுக்கு வரும்?" என்பாள்.

வெளியூர் ஆட்கள் அந்த ஊரைப் பற்றி எழுதும்போது அழகைப் பற்றியே எழுதுகிறார்கள். நான் வாடையைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். நாரை தன் குஞ்சுக்கு மீனை அலகில் ஊட்டுவதில்லை. விழுங்கி வந்ததைக் கூட்டுக்குள் கக்கும். குஞ்சுகள் பொறுக்கித் தின்னும். பாதி கீழே விழும். பயந்துபோன குஞ்சும் தின்றதைக் கக்கிவிடும். சித்திரை வெயிலில் அந்த மீன் அழுகி, எச்சத்தோடு கலந்து எழுப்பும் நெடி சட்டையில் ஏறி, சோற்றில் ஏறி, பாயில் ஏறும். சத்தமோ விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். வளர்ந்த நாரைக்குக் குரல் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, அலகைத் தட்டித்தான் பேசும். அதற்கும் சேர்த்துக் குஞ்சுகள் கத்தித் தீர்க்கும். மூன்று மாதத்துக்கு அந்த ஊரில் யாரும் நிம்மதியாகப் பகலில் கண்ணயர முடியாது.

ஆச்சி அதற்கேற்றபடி வீட்டையே மாற்றி அமைத்திருந்தாள். துணி காயப்போடும் கொடி முன்வாசலுக்குப் போயிருந்தது. வத்தல், வடகம் எல்லாம் தைக்கு முன்பே போட்டு முடித்துவிட வேண்டும். சித்திரையில் கூழ் வத்தல் போடும் மற்ற ஊர்ப் பெண்களின் வழக்கம் அங்கே செல்லாது. மாட்டுத் தொட்டிக்கு மேல் பனையோலைச் சாய்ப்பு இறக்கியிருந்தாள். கிணற்றுக்குத் தட்டி மூடி. காலையில் எழுந்ததும் அடுப்புச் சாம்பலை ஒரு பெட்டியில் அள்ளிக்கொண்டு போய் வேம்படி முழுக்கத் தூவுவாள். பிறகு சாம்பல், எச்சம், மீன், வேப்பஞ்சருகு எல்லாவற்றையும் கூட்டிக் குழியில் தள்ளுவாள். முனகிக்கொண்டேதான் செய்வாள். அந்த முனகலையும் நான் சேர்த்தே சொல்ல வேண்டும். புன்சிரிப்போடு பறவைகளைத் தாங்கிய தெய்வப் பிறவிகளாக அந்த ஊர்ப் பெண்களை வரைவது அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அவர்களுக்கு அது வேலை. தினமும் ஒரு மணி நேரம் கூடுதலாகக் குனிந்து நிமிர வேண்டிய வேலை.

எனக்கு அங்கே வேலை எதுவும் இல்லாததால் பார்த்துக்கொண்டே இருந்தேன். உச்சி வெயிலில் தாய் நாரை கூட்டின் விளிம்பில் வெயிலுக்கு முதுகு காட்டி நின்று, இரண்டு இறக்கைகளையும் விரித்துப் பிடிக்கும். அந்த நிழலில் குஞ்சுகள் தலையைத் தொங்கப்போட்டுக் கிடக்கும். தாய் வாயைத் திறந்து இளைத்துக்கொண்டே நிற்கும், நகராது. புளியமரத்தில் கூழைக்கடாக் குஞ்சு தாயின் அலகுப் பைக்குள் கழுத்துவரை தலையை விட்டு மீனை எடுக்கும். முதல் தடவை பார்த்தபோது தாய் குஞ்சை விழுங்குகிறது என்று நான் அலறியிருக்கிறேன். "ஏட்டி, சத்தம் போடாத. பதறிக் கீழ விழுந்துரும்" என்று ஆச்சி அடக்கினாள். அந்த ஊரில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் முதல் பாடமே அதுதான்: மரத்தடியில் குரலை ஏற்றாதே, கல்லைக் கையில் எடுக்காதே, விழுந்த குஞ்சைப் பெரியவர்களிடம் சொல்.

விழுவது வைகாசிக் கடைசியிலிருந்து. தென்மேற்குக் காற்று நாங்குநேரிப் பக்கம் லேசாக அடிக்காது. ஆனி பிறந்துவிட்டால் ஓட்டுக்கூரை கடகடக்கும். இறக்கை முற்றாத குஞ்சுகள் பொத்தென்று விழும். நாய்க்கு முன்னால் ஆள் போய்ச் சேர வேண்டும். மாமா சாக்கை விரித்துப் போர்த்தித் தூக்குவார், அலகால் கண்ணைக் குத்திவிடும் என்பதால் முகத்தைத் திருப்பிக்கொண்டு. எட்டுகிற கிளையாக இருந்தால் ஏணி வைத்துத் திரும்ப ஏற்றுவார்கள். எட்டாத உயரமென்றால் தொழுவத்தில் கட்டிப்போட்டுக் குளத்து மீனை நறுக்கிப் போடுவார்கள். பிற்காலத்தில் இதற்கென்றே பறவைக் காவலர் வந்தார். குஞ்சுகளை வாங்கிக்கொண்டு போய் ஒன்றாக வளர்த்து, பறக்கும் பருவத்தில் விட்டுவிடுவார். ஆனால் சாக்கும் ஏணியுமாக ஓடும் முதல் ஆள் இன்றைக்கும் அந்தத் தெருக்காரர்தான்.

இவ்வளவையும் அவர்கள் ஏன் பொறுத்துக்கொண்டார்கள்? படித்தவர்கள் சொல்லும் காரணம் உரம். அது உண்மைதான். எச்சம் விழுந்து ஊறிய குளத்துக் கரம்பையைக் கோடையில் வண்டி வண்டியாக வெட்டி வயலுக்கு அடிப்பார்கள். தழைச்சத்தும் மணிச்சத்தும் அதில் நிறைந்திருக்கும். குளத்து மடை வழியாகப் பாயும் தண்ணீரே பயிருக்குத் தனித் தெம்பு என்று மாமா சொல்வார். ஆனால் வயல் ஒரு சென்ட்கூட இல்லாத வீடுகளின் மரத்திலும் கூடுகள் இருந்தன, அவர்களும் கலைக்கவில்லை. கரம்பையால் அவர்களுக்கு என்ன லாபம்? ஆச்சி சொன்ன காரணம் வேறு. பறவை வந்து இறங்கினால் அந்த வருஷம் குளத்தில் தண்ணீர் நிற்கும் என்று பொருள். தண்ணீர் நின்றால் வயல் வேலை உண்டு, கூலி உண்டு, கிணறு ஊறும், மாட்டுக்குப் புல் உண்டு. எதிர்பார்த்த நல்ல செய்தியைக் கொண்டுவந்த ஆளைத் திண்ணையிலிருந்து யாரும் விரட்ட மாட்டார்கள். எனக்கு ஆச்சியின் விளக்கத்தில்தான் நம்பிக்கை.

செய்தி வராத வருஷங்களும் உண்டு. ஐப்பசியும் கார்த்திகையும் பொய்த்து, மணிமுத்தாறு அணையில் தண்ணீர் ஏறாமல் போனால் கால்வாயின் கடைமடையில் இருக்கும் இந்தக் குளத்துக்கு எதுவும் வந்து சேராது. அப்படியொரு கோடையில் நாங்கள் போனபோது வேம்பு வெறுமையாக நின்றது. பழைய கூடுகளின் சுள்ளிகள் மட்டும் கிளைகளில் சிக்கியிருந்தன. வாடை இல்லை, சத்தம் இல்லை. பகலில் நன்றாகத் தூங்கலாம். ஆனால் வீட்டில் யாரும் அதைச் சௌகரியமாக எடுத்துக்கொள்ளவில்லை. மாமா வேலை தேடித் திருப்பூர் போயிருந்தார். அத்தை இரண்டு மாடுகளையும் விற்றிருந்தாள். ஆச்சி மட்டும் பழக்கம் விடாமல் சாம்பல் பெட்டியோடு புறவாசலுக்குப் போய், தூவ ஒன்றும் இல்லாமல் திரும்பி வந்தாள். பறவைக்கும் ஊருக்கும் ஒரே குடல் என்று அன்றைக்குத்தான் எனக்குப் பட்டது.

1994-ல் சரணாலயம் ஆனபோது நான் கல்லூரியில் இருந்தேன். ஊரில் மகிழ்ச்சியும் கலக்கமும் சேர்ந்தே இருந்தன. இனி ஆடு மேய்க்க விடுவார்களா, கரம்பை வெட்ட விடுவார்களா, விறகொடித்தால் வழக்குப் போடுவார்களா என்று திண்ணைப் பேச்சு. நியாயமான கவலைதான். இந்தியாவில் பல காடுகள் சரணாலயம் ஆனபோது அங்கேயே இருந்தவர்கள்தான் முதலில் அந்நியரானார்கள். கூந்தன்குளத்தில் அந்த அளவுக்குப் போகவில்லை. பார்வைக் கோபுரம் வந்தது, அறிவிப்புப் பலகை வந்தது, குளத்துக்குள் இன்னும் மரங்கள் வந்தன. துப்பாக்கியோடு வருகிறவர்களை மறிக்கச் சட்டம் துணைக்கு வந்தது. அதற்கு முன் ஊர்க்காரர்கள் கம்போடு நின்றுதான் மறித்திருக்கிறார்கள் என்று தாத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன். "பறவைக்குச் சட்டம் வந்துட்டு. வாய்க்காலத் தூர்வார யாரு வாரா?" என்று மாமா கேட்டார். அந்தக் கேள்வி இன்றும் பழசாகவில்லை.

எங்கள் மாவட்டத்திலேயே இப்படிப் பறவைகளோடு வாழும் இன்னொரு ஊரும் உண்டு. கடனா நதி தாமிரபரணியில் சேரும் இடத்தில் உள்ள திருப்புடைமருதூர். நாறும்பூநாதர் கோயிலைச் சுற்றி நிற்கும் பழைய மருத மரங்களில் நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டும். அங்கே 2005-ல் 2.84 ஹெக்டேர் இடம் பறவைகள் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது; இந்த வகையில் தமிழ்நாட்டிலேயே முதலாவது. 2002-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் செய்த திருத்தம் இதற்கு வழி திறந்தது. உள்ளூர் மக்களைக் கலந்து பேசி அறிவிப்பதும், ஊராட்சியின் பிரதிநிதியை நிர்வாகக் குழுவில் வைப்பதும் இந்த முறையின் உயிர். மூன்று ஹெக்டேருக்கும் குறைந்த இடம் என்று யாரும் இளப்பமாக நினைக்கக் கூடாது. கூடுள்ள மரங்கள் அந்த இடத்தில்தான் இருக்கின்றன. அவற்றைக் காக்கும் ஆட்களும் அங்கேயே குடியிருக்கிறார்கள்.

நான் பள்ளி ஆசிரியையான பிறகு, 2011-லிருந்து நடந்துவரும் தாமிரபரணி நீர்வாழ் பறவைகள் கணக்கெடுப்பில் மாணவர்களோடு கலந்துகொள்ளத் தொடங்கினேன். ஏட்ரீ என்ற சூழலியல் ஆய்வு நிறுவனத்தின் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் அதை ஒவ்வொரு ஜனவரியிலும் நடத்துகிறது. விஞ்ஞானிகள் மட்டும் செய்யும் காரியம் அல்ல. கல்லூரிப் பிள்ளைகள், வங்கி ஊழியர்கள், ஓய்வு பெற்றவர்கள், கேமராக்காரர்கள் எல்லாரும் குழு குழுவாகப் பிரிந்து ஆளுக்குச் சில குளங்களை எடுத்துக்கொள்வார்கள். விடியும் நேரத்தில் குளத்துக்குப் போய், சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து நிற்க வேண்டும். கூட்டமாக இருந்தால் முதலில் பத்துப் பறவைகள் எவ்வளவு இடத்தை அடைக்கின்றன என்று கண்ணுக்குப் பழக்கி, பிறகு பத்துப் பத்தாக நகர வேண்டும். தண்ணீர் எவ்வளவு, குப்பை உண்டா, வலை கட்டியிருக்கிறதா, சுற்றிலும் மரம் உண்டா என்பதையும் படிவத்தில் எழுத வேண்டும்.

ஒரு ஜனவரியில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, தலையில் இரண்டு கறுப்புப் பட்டை போட்ட வாத்தைத் தொலைநோக்கியில் பிடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். வரித்தலை வாத்து. மத்திய ஆசியாவிலிருந்து இமயமலையைத் தாண்டி வருவது என்று சொன்னேன். அவள் நம்பாமல் என்னையும் குளத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "நம்ம ஊருக்கா டீச்சர்?" என்று கேட்டாள். நம்ம ஊருக்குத்தான் என்றேன். அந்தப் பிள்ளையின் வீடு அந்தக் குளத்தின் கரையில்தான் இருக்கிறது. அதுவரை அவள் அதைக் குப்பை கொட்டும் இடமாகவே பார்த்திருக்கிறாள்.

கணக்கெடுப்பு எனக்குக் கற்றுத்தந்த முக்கியமான விஷயம் ஆச்சி வீட்டுக்கும் தெரியாதது. கூந்தன்குளத்து மரங்களில் கூடு கட்டும் நாரை கூந்தன்குளத்தில் மட்டும் மீன் பிடிப்பதில்லை. மஞ்சள்மூக்கு நாரை கண்ணால் பார்த்துப் பிடிக்கும் பறவை அல்ல. முழங்கால் ஆழத்துக்கும் குறைந்த தண்ணீரில் அலகைச் சற்றே திறந்து அமிழ்த்தி, நடந்தபடியே துழாவும். மீன் அலகில் பட்டதும் சட்டென்று மூடும். ஆழம் கூடினால் அதற்குப் பிழைப்பில்லை, வற்றிப்போனாலும் பிழைப்பில்லை. ஆகவே காடன்குளம், விஜயநாராயணம், மூலைக்கரைப்பட்டி, நாங்குநேரி என்று ஒவ்வொரு குளமும் முன்பின்னாக வற்றி வரும்போது, எங்கே ஆழம் தோதாக இருக்கிறதோ அங்கே போய் மேய்ந்துவிட்டுக் கூட்டுக்குத் திரும்புகிறது. அந்தக் குளங்களுக்குக் கோபுரமும் கிடையாது, பலகையும் கிடையாது. ஒன்றைத் தூர்த்து மனை போட்டாலோ, மீன் குத்தகைக்காகக் கரையோரத்தை ஆழமாக வெட்டினாலோ, சாக்கடையைத் திருப்பிவிட்டாலோ, எங்கேயோ உள்ள வேம்பில் ஒரு குஞ்சு பட்டினி கிடக்கும். 129 ஹெக்டேருக்குச் சுற்றுவேலி போட்டு இந்தப் பறவையைக் காத்துவிட முடியாது. மொத்த வட்டாரத்தின் குளங்களும் உயிரோடு இருந்தால்தான் சரணாலயம் சரணாலயமாக இருக்கும்.

ஊரும் மாறிக்கொண்டிருக்கிறது. ஓட்டு வீடுகள் காங்கிரீட் வீடுகளாகின்றன. வீட்டை அகலமாகக் கட்டும்போது முதலில் போவது புறவாசல் மரம். மொட்டை மாடியில் எச்சம் விழுந்தால் தண்ணீர்த் தொட்டி கெடும் என்கிறார்கள். சென்னையிலும் வளைகுடாவிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் லீவுக்கு வந்தால் வாடையைக் கண்டு முகம் சுளிக்கிறார்கள். தாழ்வான மின்கம்பிகளில் பெரிய பறவைகள் மோதுகின்றன. ஆச்சி போன பிறகு மாமாவும் வீட்டை இடித்துக் கட்டினார். கொத்தனார் வேம்பை வெட்டினால் இன்னொரு அறை கிடைக்கும் என்றார். அத்தை சம்மதிக்கவில்லை. இவ்வளவு காலம் கூட்டிப் பெருக்கிய அவளே சம்மதிக்காதபோது வேறு யார் பேசுவது? அறையின் அகலத்தைக் குறைத்துக் கட்டினார்கள். அந்த இழப்புக்கு அத்தைக்கு யாரும் பத்து ரூபாய் கொடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. ஆனால் கேட்கவில்லை என்பதற்காகவே கொடுக்காமல் இருப்பது நமக்கு அழகல்ல.

சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடியில், வெடி போடாத ஊர்க்காரர்களுக்கு வனத்துறையினர் தீபாவளிக்கு இனிப்புக் கொடுக்கிறார்கள் என்று ஒவ்வோர் ஆண்டும் பத்திரிகையில் படிக்கிறேன். நல்ல வழக்கம், தொடரட்டும். அதோடு நிற்கக் கூடாது என்பதுதான் என் வாதம். கூடுள்ள மரத்தை வெட்டாமல் வைத்திருக்கும் வீட்டுக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை; மூடிபோட்ட தண்ணீர்த் தொட்டி; தாழ்ந்த கம்பிகளுக்கு உறை; பறவை வரும் குளங்களுக்கு, பாசனத்துக்குப் போலவே, கால்வாயில் ஒரு பங்குத் தண்ணீர்; சீமைக் கருவேலம் மண்டிய வரத்துக்கால்களைச் சுத்தம் செய்ய ஆடி மாதத்திலேயே ஆட்கள். இதில் எதுவும் பெரிய செலவு பிடிக்கும் காரியம் அல்ல. கேட்கும் குரல்கள் போதாமல்தான் நடக்காமல் இருக்கிறது. இரண்டு தெருக்காரர்கள் மட்டும் கேட்டால் மனு கோப்பில் உறங்கும். மாவட்டமே கேட்டால் உறங்காது.

கூந்தன்குளத்துக்குப் போக விரும்புகிறவர்கள் தை முதல் வைகாசி வரை போகலாம். பறக்கவிட்டுப் படம் எடுப்பதற்காகக் கையைத் தட்டாதீர்கள். தாய் எழுந்து பறந்தால் கூட்டிலிருக்கும் குஞ்சு வெயிலில் வேகும். ட்ரோன் வேண்டாம். வாடையடிக்கிறது என்று அந்தத் தெருப் பெண்களின் காதுபடச் சொல்லாதீர்கள். அவர்களிடம் பேச நேர்ந்தால் எந்த மரத்தில் எத்தனை கூடு என்று கேளுங்கள், சரியாகச் சொல்வார்கள். போக முடியாதவர்களுக்கு இன்னும் பக்கத்தில் வேலை இருக்கிறது. உங்கள் ஊரிலும் ஒரு குளம் இருக்கும். வருகிற ஜனவரியில் ஒரு காலை, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கரைக்குப் போய் அங்கே நிற்கும் பறவைகளை எண்ணுங்கள். எண்ணியதைத் தேதியோடு ஒரு தாளில் எழுதி ஊராட்சிக்கும் நீர்வளத் துறைக்கும் வனத்துறைக்கும் அனுப்புங்கள். அடுத்த ஆண்டும் அனுப்புங்கள். எண்ணி எழுதப்பட்ட குளத்தைத் தூர்ப்பது கடினம்.